நன்றாய்ச் செய்தது

எங்கள் ஊரில் அதற்கு இரண்டே சொல்:
பெங் ஃபெய்த்து.
நன்றாய்ச் செய்தது என்று அர்த்தம்.
மேசைக்கால் ஆடாமல் நின்றால் சொல்வோம்.
உள்மடிப்பு வெளியே தெரியாத தையலுக்குச் சொல்வோம்.
ஓடாதே ஓடாதே என்றும் ஓடி
முட்டி பெயர்ந்து வருகிற பிள்ளைக்கும்
அதையேதான் சொல்வோம்,
கொஞ்சம் இழுத்து, கடைசியில் ஒரு குட்டு வைத்து.
வித்தியாசம் குரலில்தான்.
எழுதிவிட்டால் தெரியாது.

ஒலிவக்காய் கறுத்து முடிந்த டிசம்பர்.
டோரோ ஆற்றிலிருந்து ஏறிய பனி
மதில்களைத் தின்றுகொண்டிருந்த ராத்திரி
விதவை க்வித்தேரியாவின் மரத்தில் ஏறினான் அதேரித்து.
காய் மட்டுமல்ல, ஏணியும் திருட்டு:
பெல்மிரோவின் பட்டறை வாசலில்
விற்பனைக்குச் சாத்தியிருந்தது.
ஆறாம் படி முறிந்தது.
முழங்காலுக்குக் கீழே
அவனும் இரண்டு இடத்தில்.

விடியும்போது மரத்தடியில் ஊர்.
முதலில் யாரும் அவனைத் தூக்கவில்லை,
சொன்னார்கள்.
ரொட்டிக்காரர் வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து சொன்னார்.
க்வித்தேரியா சிலுவைக்குறி போட்டுவிட்டுச் சொன்னாள்.
பாதிரியார் சொல்லவில்லை,
சொன்னவர்களைத் தடுக்கவும் இல்லை.
நானும் சொன்னேன்.
சுகாதார நிலையத்தில் மாவுக்கட்டுப் போடுகிறவள் நான்,
ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தபடியே சொன்னேன்.
வாய்க்கு ருசியாக இருந்தது.
போன கோடையில் போனவை என் அத்திப்பழங்கள்.

பெல்மிரோ ஒருவர்தான் வாயே திறக்கவில்லை.
முறிந்த படியைக் கையில் எடுத்து
வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஏணி போன துக்கம் என்று நினைத்தோம்.

அன்றிரவு பார்வை நேரம் முடிந்த பிறகு வந்தார்,
தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு.
அதேரித்து ஊசி மயக்கத்தில் கிடந்தான்.

"கணு இருந்தது, லெயொந்தீனா.
சீவும்போதே தெரிந்தது.
மரத்தூளைக் கோந்தில் குழைத்து அடைத்தேன்,
மெழுகு போட்டுத் தேய்த்தேன்.
க்வித்தேரியா வாங்க இருந்த ஏணி அது.
சனிக்கிழமை வருகிறேன் என்றிருந்தாள்."

அவள் வயது எழுபத்தொன்று.
இருவருமே அதைச் சொல்லவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் ஏணி செய்கிறேன்.
கூலியைக் குறைத்துக் கேட்பார்கள், தூக்கிப் போவார்கள்.
அந்த இரண்டு சொல்லை
ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை.
இன்றைக்கு ஊரே சொல்லிற்று,
என் ஏணியைச் சுற்றி நின்று."

அவனுக்குச் சொன்னது அது, உங்களுக்கில்லை,
என்று வாயெடுத்தேன். வரவில்லை.
அந்தச் சொல்லில் ஆள் இல்லை.
செய்தது என்றுதான் இருக்கிறது.
யார் செய்தது, யாருக்குச் செய்தது,
ஒன்றும் இல்லை.
கடவுள் என்று நினைத்துக்கொள்கிறோம்.
அன்றைக்குச் செய்தது
கோந்து காயக் காத்திருந்த ஒரு மத்தியானம்.

அவர் போகும்போது
கட்டிலின் கம்பியைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.
பழக்கம்.

காலையில் டாக்டர் வந்தார்.
மாவுக்கட்டை விரல் மடக்கித் தட்டினார்,
முதலில் முழங்கால் பக்கம், பிறகு கணுக்கால்.
"பெங் ஃபெய்த்து, லெயொந்தீனா."
இழுக்காமல், குட்டு வைக்காமல்.
அதேரித்து சிரித்துவிட்டான்,
சிரித்ததில் கால் வலித்துக் கத்தினான்.
டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

குதிகாலுக்கடியில் பஞ்சு ஒரு சுற்றுக் குறைவு.
நேற்று என் கை கோபத்தில் வேகமாக ஓடியது.
ஒரு வாரத்தில் அங்கே தோல் கறுக்கும்,
இரண்டு வாரத்தில் புண்.
அடுத்த கட்டிலுக்கு டாக்டர் நகர்கிற வரை
புன்னகையை வைத்துக்கொண்டு நின்றேன்.
பிறகு வெந்நீர் வைத்தேன்,
புதுப் பஞ்சுச் சுருள் எடுத்தேன்,
வெட்டுகிற ரம்பம் எங்கே என்று
அலமாரியில் தேடத் தொடங்கினேன்.